நீர் நூல் கட்டிவிட்டுப் போன மரம்

என் ஒரே தம்பியைக் கட்டிக்கொண்ட என் ஒரே மச்சாள் ரதிக்கு,

நலமா என்று கேட்கிற இடத்தில் நீர் இல்லை. ஆகையால் இங்குள்ள நலத்தை மட்டும் சொல்கிறேன். குகன் பழையபடி வேலைக்குப் போகிறான். ஆரணிக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். லீவுக்கு ஹரோவில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறாள். நீர் போய் ஒன்பது மாதமாகிறது. இன்னும் உம்முடைய பெயரைச் சொல்லாமல் அப்பனும் மகளும் ஒரு தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே குடிக்கிறேன்.

ரதி, எனக்கு உம்மேல் பொறாமை. நீர் உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லவில்லை, சிரித்துவிடுவீர் என்ற பயம். இப்போது நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

அம்மா செத்தபின் குகனை வளர்த்தவள் நான். லண்டனுக்கு அவனைக் கூப்பிட்டதும் நான். ஜெர்மனியில் ஒரு நல்ல பிள்ளை இருக்கிறது என்று கேள்விப்பட்டு உம்மைப் பார்க்க வந்ததும் நான்தான். யாரை நோவது?

நீர் வருமுன் மார்கழி இருபத்தைந்து, கிறிஸ்மஸ் நாள் என்றால் கிங்ஸ்பரியில் என் பிளாட்தான். அன்றைக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கார் வைத்திருக்கும் சொந்தக்காரர் எல்லாரும் புட்டுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் என் வீட்டில் வந்து இறங்குவார்கள். அலுமாரிக்கு மேலே கிடக்கும் பிளாஸ்டிக் மரத்தை இறக்கித் தூசு தட்டி, டிவிக்குப் பக்கத்தில் வைப்பேன். சைவக்காரருக்கு ஏன் கிறிஸ்மஸ் மரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் லீவு, அவ்வளவுதான்.

உமக்குப் பிளாஸ்டிக் ஆகாது. மரமென்றால் கிறிஸ்மஸ் மரம் வளர்க்கும் பண்ணைக்குப் போக வேண்டும், சேற்றில் நடந்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும், கிளையைத் தடவி இலை கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கலியாணம் முடிந்த முதல் மார்கழியே ஏழடி மரமொன்றைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். கதவைத் திறந்தால் வீடெல்லாம் பச்சை வாசம். அடுத்த வருடம் சொந்தக்காரர் எல்லாரும் நேரே ஹரோவுக்குப் போனார்கள். என் ஆட்டிறைச்சிக் கறியும் சட்டியோடு பின்னால் போனது. இருபது வருடம் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குகனின் காரில் வந்திருக்கிறேன். சூடு தொடையில் ஏறும். ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் மரம் வேண்டாம் என்று நான் ஆரணிக்குச் சொன்னேன். வருடம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசம் இன்னும் முடியவில்லை, தீபாவளிகூடக் கொண்டாடவில்லை, இதை மட்டும் வைக்கலாமா என்று கேட்டேன். வாயில் வந்தது சாத்திரம். நெஞ்சில் இருந்தது வேறு. மரம் இல்லாவிட்டால் இருபத்தைந்து திரும்பவும் என் வீட்டுக்கு வந்துவிடும் அல்லவா?

அவள் உம்முடைய மகள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “மாமி, தீபாவளி எல்லாருக்கும். மரம் அம்மாவின்ர. போன வருசமே அவ இந்த வருசத்துக்கெண்டு ஒரு மரத்தைப் பாத்து நூல் கட்டி வைச்சிட்டு வந்தவ. அதை எடுக்கத்தான் போறம். நீங்களும் வாங்கோ.”

போனேன். பண்ணைச் சேற்றுக்கு என்னிடம் சப்பாத்து இல்லையென்று உம்முடைய ரப்பர் பூட்ஸைத் தந்தார்கள். அது எனக்குச் சரியான அளவாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து தேடினோம். என் கெட்ட காலம், கண்டுபிடித்தது நான். கடைசிக்கு முந்தின வரிசை, வேலியோரம். நடுத்தண்டில் நீல நிறக் கம்பளி நூல், இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. எனக்கு நீர் பின்னித் தந்த கார்டிகனின் நூல். எனக்குக் கொடுத்ததில் மிஞ்சியதை உம்முடைய மரத்துக்குக் கட்டியிருக்கிறீர் என்று நினைத்தேன். மரம் என் தோள் உயரம்தான் இருந்தது. ஏழடி வைக்கிற வீட்டுக்கு ஏன் இத்தனை சின்னதைப் பார்த்து வைத்தீர் என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த யோசனையோடு நின்றிருக்கலாம்.

நான் நூலை அவிழ்த்துக் கோட்டுப் பொக்கற்றில் வைத்தேன். நீர் செத்த பிறகும் உம்முடைய சொல்லே நடக்க வேண்டுமா என்று இருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினார்கள். யாரோ வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று குகன் கடைசியில் சொன்னான். ஆரணி கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். அப்போது நான் முன்னுக்கு வந்து, இதோ இது நல்லாயிருக்கிறது என்று ஒரு மரத்தைக் காட்டினேன். நீர் ஒருநாளும் வாங்காத ஸ்புரூஸ் ஜாதி. வாசம் தூக்கலாக இருந்தது. பண்ணைக்காரர் அடித்தண்டைப் புதிதாக ஒரு துண்டு வெட்டி, மரத்தை வலைக்குள் தள்ளிச் சுருட்டித் தந்தார். இந்த ஜாதி கெதியில் இலை கொட்டிவிடும், ஹீற்றருக்குத் தூர வையுங்கள், தினம் தண்ணீர் பாருங்கள், தண்ணீர் மட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் விடுகிற தாங்கிக்குள் மரத்தை நிறுத்தினோம். எப்போதும் நீர் வைக்கிற ஜன்னலோரம் வேண்டாம், வாசலில் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஹீற்றர் பக்கம் வைப்பித்தேன். அத்தோடு விட்டேனா? உம்முடைய கலியாணத்துக்குக் கன்னிக்கால் மரம் ஊன்றியபோது அடியில் பால் ஊற்றியவள் நான்தானே. நட்ட மரத்துக்குப் பால் வார்ப்பது நல்லதுதானே என்று, அவர்கள் சாப்பிடும்போது ஒரு கிளாஸ் பாலைத் தாங்கிக்குள் ஊற்றினேன். நீர் செய்யாத ஒன்றை நான் செய்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கியது. குகன் கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்த்தான், குப்பை வாளியைக் கழுவினான். ஆரணிதான் குனிந்து தாங்கியை மோந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கழுவினார்கள், அடித்தண்டை மரம் அரியும் வாளால் இன்னொரு துண்டு வெட்டினார்கள், நல்ல தண்ணீர் விட்டார்கள். மரம் கேட்கவில்லை. இருபத்தைந்தாம் திகதி பாதி மொட்டையாக நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்து, ரதி இருந்திருந்தால் என்று தொடங்கினார்கள். நான் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

எல்லாரும் போன பின் பின்னேரம் குகன் தும்புத்தடியால் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டியபடியே சொன்னான்: “நூல் கட்டின மரம் கிடைச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும், அக்கா. அது எங்களுக்கில்லை, உங்களுக்கு. உங்கட ஹோலுக்கு இந்த உயரம் காணும் எண்டு ரதி கையால அளந்து பாத்தவ. இருபது வருசமா மச்சாள் அந்தச் சட்டியை மடியில வைச்சுக்கொண்டு வாறா, அடுத்த முறை நாங்கள் அவவின்ர வீட்டை போவம் எண்டவ. பண்ணையில வைச்சு அதைத் தரத்தான் ஆரணி உங்களைக் கூட்டிக்கொண்டு போனவள்.”

சட்டியை நீர் பார்த்திருக்கிறீர். இருபது வருடமும் பார்த்திருக்கிறீரா, இல்லை கடைசி வருடம்தானா? பார்த்தவர் ஏன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை? நான் மட்டும் சொன்னேனா என்று கேட்பீர். சரிதான்.

நான் எழுந்து போய், கொழுவியில் தொங்கிய கோட்டிலிருந்து நூலை எடுத்துவந்து ஆரணிக்கு முன்னால் மேசையில் வைத்தேன். நான்தான் அவிழ்த்தேன், அம்மாமேல் பொறாமையில் அவிழ்த்தேன் என்றேன். குகன் தும்புத்தடியோடு அப்படியே நின்றான். ஆரணி நூலை எடுத்து விரலில் சுற்றினாள், திரும்ப அவிழ்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

“எத்தனையாவது வரிசை, மாமி?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் கழித்துப் போனோம். மரம் விற்கும் காலம் முடிந்து படலை சாத்தியிருந்தது. பண்ணைக்காரரின் மனைவி கதையைக் கேட்டுவிட்டுத் திறந்துவிட்டார். போகும்போது ஆரணி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து மரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டு அடிக்கட்டையாகக் கிடந்தன. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசிக்கு முந்தின வரிசையைப் பார்த்தேன்.

நிற்கிறது, ரதி. யாரும் எடுக்கவில்லை.

நூலை நான் கட்டக் கேட்டேன். ஆரணி தந்தாள். உம்மைப்போல் இறுக்கமாக முடிச்சு வரவில்லை. அவள் மேலே இன்னொரு முடிச்சுப் போட்டாள். வரும் வழியில் காருக்குள், குளிருதோ, ஹீற்றரைக் கூட்டட்டோ என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த மார்கழி அந்த மரம் கிங்ஸ்பரிக்கு வரும். ஜன்னலோரம், ஹீற்றருக்குத் தூரமாக வைப்பேன். காலையும் மாலையும் தண்ணீர் பார்ப்பேன், தண்ணீர் மட்டும். இருபத்தைந்தாம் திகதி எல்லாரும் என் வீட்டுக்கு வருவார்கள், சட்டி என் அடுப்பிலேயே இருக்கும். உள்ளே வந்து மரத்தைப் பார்த்ததும் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். ரதியின்ர மரம் என்பார்கள். என் வீட்டில் நின்றாலும், நான் தண்ணீர் ஊற்றினாலும், அது உம்முடையதுதான்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறவர்களுக்கெல்லாம், ஓம், ரதியின்ர மரம்தான் என்று முதல் ஆளாக நானே சொல்வேன். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

இருபது வருடமும் உம்மோடு போட்டி போட்ட,
இனியும் போடப்போகிற உம்முடைய மச்சாள்,
பவானி