சரணம் வராத பாட்டு

என் வீட்டுக்காரிக்கு,

உன் தங்கை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே டைல்ஸ் வியாபாரம் சுமார்தான்.

நீ பிடித்துத் தள்ளிவிட்ட பாட்டெழுதும் வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். முதலில் மெட்டைத் தருகிறார்கள். "தானன தானன" என்று அளவு பார்த்து வார்த்தையை வைக்க வேண்டும். தரையை அளந்து டைல்ஸ் பதிக்கிற வேலைதான். பல்லவி ஒரே நாளில் வந்துவிட்டது: 'காலையில் என்னைத் திட்டும் குரலே'. நீதான், வேறு யார்?

சரணம்தான் வரவில்லை. டீச்சர் நம் மகள் வயதுப் பெண். மூன்று நாளாக விடவில்லை.

"சார், பல்லவி நின்ன இடத்துலயே நிக்கலாம். சரணத்துல கதை நகரணும். அந்தக் குரல் அப்புறம் என்ன ஆகுது?"

"தெரியலம்மா."

"கற்பனை பண்ணுங்க சார்!"

பண்ணிப் பார்த்தேன். உடனே பேனாவை மூடிவிட்டேன்.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. உன் தொண்டைக் கட்டியின் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று போனில் சொன்னது பொய். திங்கட்கிழமையே வாங்கிவிட்டேன். கல்லாப்பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிறது. ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கிறவன் நான். இந்தக் கவரை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியைப் பூட்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கவரோடு வருகிறேன். பொய் சொன்னதற்கு முதலில் ஆசை தீரத் திட்டு. நான் கேட்க வேண்டும். பிறகு நீயே பிரி. சரணத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
ஊரையே பேரம் பேசி ஜெயித்த உன் பயந்தாங்கொள்ளி