அப்புச்சிக்கும் ஒரு மணி நேரம்

என் அம்மணிக்கு,

போன மாதம் ஒரு மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். மேற்கிலிருந்து காற்று வந்து திரைச்சீலையை ஊதுவதும் விடுவதுமாக இருந்தது. அப்போது நீ வந்தாய். கல்லூரிக்குப் போட்டுப்போவாயே, அந்த மஞ்சள் சுடிதார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏனுங்கப்பா, எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டாய். "நல்லா இருக்கறேன் அம்மணி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ நம்பாத மாதிரி சிரித்தாய். விழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் யாழினியின் பழைய பள்ளிக்கூடப் பைதான் கிடந்தது. கனவில்கூட எனக்கு உண்மை பேச வரவில்லையே, ஏன்?

நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. உன் மகள் யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. மாப்பிள்ளை ஷார்ஜாவிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறார். மற்றபடி அவளுக்குச் சமைப்பது, குளிக்க வைப்பது, சடை பின்னுவது எல்லாம் நான்தான். உன் அம்மாவும் உனக்கு முன்பே போய்விட்டதால் கேட்டுக்கொள்ளவும் ஆளில்லை. முதலில் என் சடை தேங்காய்நார்க் கயிறு மாதிரி இருந்தது. இப்போது டீச்சரே பாராட்டினார்களாம், தெரியுமா?

உன்னிடம் மறைத்த சேதியும் உண்டு. போன மாதம் வரை அவள் மிச்சம் வைத்த தோசை ஓரம்தான் என் காலைச் சாப்பாடு. பிரஷர் மாத்திரை போட்டால் மதியம் தூக்கம் அசத்தியது. பள்ளிக்கூட வேன் ஹாரன் காதில் விழாமல் போனால் பிள்ளை வாசலில் தனியாக நிற்குமே என்று அதையும் நிறுத்தியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. உன் அப்பன்தான் பெரிய டாக்டராயிற்றே!

நீ வந்து போன மறுநாள் காலை, சடை பின்னிக்கொண்டிருந்தபோது வீடு மெல்லச் சுற்றியது. சுவரெல்லாம் தண்ணீருக்குள் தெரிவது போல நெளிந்தது. சீப்போடு அப்படியே சரிந்துவிட்டேன். பயமே இல்லை, தூக்கம் வருவது போல இதமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. எங்கோ தூரத்தில் ஒரு குரல் கூப்பிட்டது. உன் குரலா, அவள் குரலா என்று பிரித்தறிய முடியவில்லை. "அப்புச்சி, அப்புச்சி" என்பது பிறகுதான் காதில் தெளிந்தது. தாத்தாவை அப்புச்சி என்பது அவள்தானே, நீ என்றால் அப்பா என்றல்லவா கூப்பிட்டிருப்பாய்? கண்ணைத் திறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் இருமலுக்காகக் கிளினிக் போனோம். அவளைப் பார்த்து முடித்த டாக்டரம்மா, "நீங்க எப்படி இருக்கீங்கய்யா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேனுங்க."

நம் பக்கத்து ஆட்கள் வேறென்ன சொல்வோம்? காய்ச்சலில் கிடந்தாலும், கேட்டவர் சங்கடப்படக் கூடாது என்று இதையேதான் சொல்வோம். யாழினி விடவில்லை.

"இல்லீங்க டாக்டர், அப்புச்சி காலைல கீழ உழுந்துட்டாருங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு வேற சொல்லிப்போட்டாருங்க."

டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "மரியாதைக்குச் சொல்ற பதில் எனக்கு வேண்டாங்கய்யா. நீங்க படுத்துட்டா இந்தப் பாப்பாவை யாருங்க பார்ப்பாங்க?" என்றார்.

யாழினி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். "முடியலைங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லி எத்தனை வருடமோ! அழுதும்விட்டேன் அம்மணி, பிள்ளைக்கு முன்னாலேயே.

மாத்திரையை இப்போது இரவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். எனக்கென்று சூடாக இரண்டு தோசை ஊற்றிக்கொள்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக் கலாமணி யாழினியைப் பார்த்துக்கொள்கிறாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. "ஏனுங்ண்ணா, இதக் கேக்கறதுக்கு ரெண்டு வருசமாச்சுங்களா?" என்று என்னையே திட்டினாள்.

அந்த ஒரு மணி நேரம் சோளக்காட்டு வழியே நடக்கிறேன். தூரத்தில் மேட்டுப்பாளையத்துப் பக்கம் மலை தெரியும், கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் போய்விடும். நேற்று நடந்தபோது உன்னையும் நினைக்கவில்லை, அவளையும் நினைக்கவில்லை. மனசு காலியாக, லேசாக, சந்தோஷமாக இருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பியதும் சுரீர் என்றது. நீ இல்லாத ஊரில் எனக்கு என்ன சந்தோஷம்? நீ கோபித்துக்கொள்வாயா, அம்மணி?

கலாமணி வீட்டிலிருந்து ஓடி வந்த யாழினி என் முகத்தையே பார்த்தாள். "அப்புச்சி, இன்னைக்கு நெசமா நல்லா இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறேன். அவள் என்னைக் காவல் காத்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு?

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் விளையாடட்டும். உன் அப்பாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
யாழினியின் அப்புச்சி