ஐந்தரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே

மார்ச் 4, செவ்வாய்

நேற்று மாலை ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க. டீச்சர் என்று நான் கூப்பிடும் என் மனைவியின் இடது கையில் இரண்டு ஊசிகள். உடம்புக்கும் டயாலிசிஸ் மெஷினுக்கும் நடுவே குழாயில் அவள் ரத்தம். மெஷினுக்குள் இருக்கும் குட்டி பேட்டரி இருபது நிமிடம் தாங்க வேண்டும். நாலாவது நிமிடமே கூவி ஓய்ந்துவிட்டது. ரத்தத்தைக் கையாலேயே திருப்பி அனுப்ப, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. பயிற்சியில் ஒரே ஒரு முறை சுற்றிப் பார்த்தது. செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு அதன் வெளிச்சத்தில் சுற்றினேன்.

"மெதுவா. கிணத்துத் தண்ணியா இறைக்கிறீங்க?" என்றாள். அந்த நேரத்திலும் கிண்டல்.

ரத்தம் முழுக்க அவளுக்குள் திரும்ப எட்டு நிமிடம் ஆனது. ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

இன்று டெப்போவில் இரண்டு பஸ்ஸின் புறப்பாட்டு நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

பேட்டரி வைத்தே ஆக வேண்டும். கூரையில் பன்னிரண்டு சோலார் பேனல் இருக்கின்றன. டீச்சருக்கு உடம்புக்கு வருவதற்கு முன்னால் ஆசைப்பட்டுப் போட்டது. வெயில் இருக்கும்போது வீட்டில் செலவு இல்லை. செலவு தொடங்கும்போது வெயில் இல்லை. அவள் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவி உட்கார ஐந்தரை. திங்கள், புதன், வெள்ளி, நாலு நாலு மணி நேரம். மெஷின், அதற்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி, அறைக்கு ஏசி, பிறகு மெஷினைக் கொதிநீரில் கழுவுவது. எல்லாமே கரண்டுக்கு விலை ஏறும் நேரத்தில்.

பேனல் இருந்தும் நேற்று முன்தினம் வீடு இருட்டு. இதை எந்த வாயால் யாரிடம் சொல்ல?

மார்ச் 8, சனி

பேட்டரிக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். இந்த வெயிலிலும் டை. அலமாரி உயரத்துக்கு ஒரு பேட்டரியின் படத்தைக் காட்டினார்.

"பதினஞ்சு யூனிட் சார். ஏசி, ஹீட்டர், மெஷின் எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க. கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியாது."

"மெஷினுக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. கரண்ட் போனா பேட்டரி எத்தனை நொடியில எடுத்துக்கும்?"

சிரித்தார். இன்னொரு படம் காட்டினார்.

மாலை மச்சான் போன். பெரியதாகவே போடு என்கிறார். மச்சானுக்கு எதற்கும் ஓர் ஆள் தெரியும். அந்த ஆளுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

தூக்கம் போதவில்லை. ஐந்து மணி ஷிப்டுக்கு நாலு மணிக்கே எழ வேண்டும். மத்தியானம் ஒன்றரைக்கு வேலை முடிகிறது. வந்து சமையல், துணி, மருந்துப் பெட்டிகளைச் சுமந்து அடுக்குவது, தண்ணீர் சோதனை. ஊசி குத்தி மெஷினை ஓடவிட்டு, கையில் தட்டோடு பக்கத்து அறைக்குப் போனால் சாப்பிட்டபடியே கண் சொருகுகிறது. டீச்சர்தான் கடைசியில் எழுப்புகிறாள். "முடிஞ்சிருச்சு, ஊசியெல்லாம் நானே எடுத்துட்டேன். எந்திரிச்சு மெஷினைக் கழுவப் போடுங்க." கழுவி முடிந்து கட்டிலில் போய் விழுந்தால் மறுபடி அலாரம்.

அவளும் அப்படித்தான். நாள் முழுக்க நின்று கணக்கு நடத்திவிட்டு வருகிறாள். யார் அதிகம் களைத்தவர் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில்லை.

மார்ச் 13, வியாழன்

டயாலிசிஸ் நர்ஸ் வந்து போனார். இந்த மாத ரத்தப் பரிசோதனையும் சரியில்லையாம். டீச்சரின் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. "நாலு மணி நேரம் முழுசா ஓடுதில்ல?" என்று கேட்டார். மெஷின் பக்கத்தில் தொங்கும் தாளைக் காட்டினேன். டீச்சரின் கையெழுத்து, வரிசையாக: நாலு மணி, நாலு மணி, நாலு மணி.

"அப்ப ஏன்னு தெரியலையே" என்றார்.

எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

வேறொருவர் வந்தார். டெப்போ மெக்கானிக் அனுப்பியவர். எலக்ட்ரீஷியன், ஐம்பது வயது இருக்கும், முழங்காலில் பட்டை கட்டிய அம்மா. படம் எதுவும் கொண்டுவரவில்லை. நேராக மெஷின் அறைக்குப் போய் ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தார்.

"கரண்ட் போனா எது ஓடியே ஆகணும்? எது நின்னா பரவாயில்ல? இதைப் பிரிச்சுச் சொல்லாம பேட்டரி வாங்குறது, அளவு எடுக்காம சட்டை தைக்கிற மாதிரி."

பழைய இன்வெர்ட்டர் கரண்ட் போனால் பேனலையும் சேர்த்து நிறுத்திவிடும் வகையாம். அதையும் மாற்ற வேண்டும். போகும்போது ஒரு வேலை கொடுத்தார். புது மீட்டர் அரைமணிக்கு அரைமணி எவ்வளவு ஓடியது என்று பதிந்து வைக்கிறதாம். மின்சாரக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய் இரண்டு மாதப் பதிவை எடுத்து வைக்கச் சொன்னார்.

"நீங்க சொல்றதை நம்பலைன்னு இல்ல சார். மனுஷன் மறப்பான். மீட்டர் மறக்காது."

மார்ச் 16, ஞாயிறு

மீட்டர் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். நேரம் சரிபார்ப்பது டெப்போவில் தினமும் செய்யும் வேலைதானே. டீச்சர் காய்கறி வாங்கப் போயிருந்தாள்.

திங்கள், புதன், வெள்ளி ஐந்தரைக்குக் கரண்ட் ஏறுகிறது. ஒன்பதரைக்கு இறங்க வேண்டும்.

எட்டரைக்கே இறங்குகிறது. சில நாள் எட்டுக்கே. பிறகு ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கு, ஒரு ஃபேன். பத்து மணிக்கு மெஷின் கழுவும் கரண்ட்.

மூன்று முறை சரிபார்த்தேன். மீட்டர் கெட்டிருக்கும் என்று கூட நினைத்தேன். ஏழு வாரமாகவா கெட்டிருக்கும்? திங்கள், புதன், வெள்ளி மட்டுமா கெடும்?

டிரைவர் ஐந்து நிமிடம் தள்ளி எழுதினால் கண்டுபிடிக்கிறவன் நான். என் வீட்டில், என் பக்கத்து அறையில், ஏழு வாரமா... நான் குறட்டை விட்டுட்டு இருந்திருக்கேன்.

மார்ச் 17, திங்கள்

கேட்டேன். தாளை மட்டும் முன்னால் வைத்தேன்.

நிறைய நேரம் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவையில்லை.

"உக்கார முடியலங்க. காலைல இருந்து நின்னுட்டு வந்து, மறுபடி நாலு மணி நேரம் ஒரே பக்கமா... கால் இழுக்குது. பசங்க பேப்பர் திருத்தணும். நீங்க வேற அங்க கழுத்து தொங்கித் தூங்குறீங்க. எல்லாம் சேந்து போதும்னு இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க தூங்காம பக்கத்துலயே உக்காருவீங்க. அப்புறம் உங்களை யார் பாக்குறது?"

கோபம் வந்தது. தட்டை வேகமாக வைத்தேன். உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதுக்கா நான் கைப்பிடி சுத்தினேன்? எட்டு நிமிஷம் உயிர் போய் உயிர் வந்துச்சே, அதுக்கு என்ன அர்த்தம்?

இன்று மாலை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்பதரை வரை.

மார்ச் 19, புதன்

நாலு மணி நேரம். பேச்சு இல்லை.

மார்ச் 21, வெள்ளி

நாலு மணி நேரம். எட்டரைக்கு மேல் அவள் முகம் எப்படி ஆகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன். இத்தனை நாள் பார்க்கவே இல்லை.

மார்ச் 22, சனி

எலக்ட்ரீஷியன் அம்மா தாள்களை வாங்கிப் பார்த்தார். எட்டரை மணி இறக்கத்தில் விரல் வைத்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, விரலை எடுத்துவிட்டார். அந்த நல்ல மனசை மறக்க மாட்டேன்.

"பெரிய பேட்டரி வேணும்னா பெருசாவே போடலாம். ராத்திரி முழுக்க ஓட்டுற அளவுக்குப் போடலாம், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மத்தியானம் மூணு நாலு மணி நேரம் உங்க கூரையில கரண்ட் சும்மா வெளிய போகுது. சார் ரெண்டு மணிக்கு வீட்டுல இருக்கார். இந்த மெஷினை மத்தியானம் ஓட்டினா என்ன?"

"எனக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள் டீச்சர், பட்டென்று.

"வாரத்துல மூணு நாள்தானேம்மா. கேட்டா விட மாட்டாங்களா?"

டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். "தப்பா எதுவும் கேட்டுட்டேனா?"

என்னவென்று சொல்வேன்? பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக, ஊசித் தழும்பு தெரியாமல் முழுக்கை ரவிக்கை. சுற்றுலாவுக்கு வராததற்கு ஒரு காரணம், மாலைக் கூட்டத்துக்கு வராததற்கு ஒரு காரணம். தெரிந்தால் இறுதி ஆண்டு வகுப்பைப் பிடுங்கிவிடுவார்கள், பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்று பயம். நானும் ஒத்து ஊதினேன்.

பதினைந்து யூனிட் பேட்டரி எதற்கு என்று இப்போது புரிகிறது. கரண்ட் போனதை மெஷினிடம் மறைக்க அல்ல. மாலையிலேயே ஓட்டி, மெஷின் இருப்பதைப் பள்ளியிடம் மறைக்க.

மார்ச் 23, ஞாயிறு

இதை அவளிடம் அப்படியே சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீங்க ஈசியா சொல்லிடுவீங்க. உங்களை யாரும் 'பாவம்'னு பாக்க மாட்டாங்க."

"பாக்குறாங்க டீச்சர். டெப்போல பாக்குறாங்க. காதுல வாங்காம பஸ் நம்பர் எழுதிட்டு இருக்கேன்."

கத்தியை வைத்தாள். அது அவளுக்குத் தெரியாது. நானும் இதுவரை சொன்னதில்லை. அவள் மட்டுமா மறைத்தாள்?

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டாளாம்!

தலைமையாசிரியை அறையில், கதவைச் சாத்திவிட்டு. "ஒரே மூச்சுல சொன்னேன். நடுவுல நிறுத்தினா அழுதிருப்பேன்" என்றாள். தலைமையாசிரியை கால அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தாராம். பென்சிலும் ரப்பரும் எடுத்தாராம். அழித்து அழித்து எழுதினாராம். கடைசியில், "மூணு நாளும் ஒரு மணிக்கு நீங்க கிளம்பலாம். ஆனா இறுதி வகுப்புல ரெண்டு பிரிவுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். வேற வழி தெரியல" என்றாராம்.

"எதை விட்ட?"

"பி பிரிவு." சிறுநீரகம் போனதற்கு அழாதவள் பி பிரிவுக்கு அழுதாள். அரைமணி நேரம். என்னால் தண்ணீர் கொடுக்கக் கூட முடியாது. அவள் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 5, சனி

மச்சானுக்கு வருத்தம், தன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததில். டை கட்டியவர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஐந்து யூனிட் பேட்டரி போதும் என்று எலக்ட்ரீஷியன் அம்மா தாளில் போட்டுக் காட்டினார். மெஷின், அதன் தண்ணீர்க் கருவி, ஃபிரிஜ், கூடத்து விளக்கு. அவ்வளவுதான் அதன் பொறுப்பு. ஏசி நின்றால் விசிறிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 12, சனி

பேட்டரியையும் புது இன்வெர்ட்டரையும் சுவரில் மாட்டியாயிற்று. பேட்டரி ஒரு சூட்கேஸ் அளவு. மெஷினை வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அந்த அம்மாவே இறக்கினார். நான் கைப்பிடி மேல் கை வைத்து நின்றேன். ஏசி நின்றது. தெருப்பக்க விளக்கு நின்றது. மெஷினின் பச்சை விளக்கு கண் சிமிட்டக் கூட இல்லை.

"கையை எடுங்க சார்" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

இரண்டேகாலுக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடிந்தது. நாலு மணி நேரம், முழுசாக. மூன்றாவது மணியில் கால் இழுத்தது. பிடித்துவிட்டேன். கழுவுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, பேட்டரி கொஞ்சம் இறங்கியது. இறங்கட்டும், அதற்குத்தானே.

இருவருமே களைத்துத்தான் போனோம். வெயிலில் செய்தாலும் டயாலிசிஸ் டயாலிசிஸ்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

நர்ஸ் வந்தார். ரத்தத்தில் கழிவின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "கொஞ்சம்தான்" என்றார். தாளில் உள்ள பழைய வரிகள் பொய் என்று டீச்சரே அவரிடம் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 9, வெள்ளி

மெஷின் கழுவி முடிந்து ஏழேகால். பேப்பர் எல்லாம் நேற்றே திருத்திவிட்டாள். நான் சாப்பிட்டாயிற்று, தூக்கமும் வரவில்லை. கூடத்தில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

"வெளிய போலாமா?" என்றாள்.

"எங்க?"

"எங்கயாவது. தெரு முனை வரைக்கும்."

போனோம். மெதுவாகத்தான். மெஷின் வந்த பிறகு இந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து வெளியே வந்ததில்லை. நடுவில் மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சைக்கிள், ஸ்கூட்டர், கடைகளில் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் எங்களைத் தாண்டி ஓடினாள், அவள் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் அம்மா.

டீச்சர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த நேரத்துல வெளிய இவ்வளவு பேர் இருப்பாங்களா?"