ஆறாவது வில்லை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், மூச்சு ஒழுங்காக வருகிறது, இடது கண் மட்டும் வீங்கி மூடிக் கிடக்கிறது, அது ஏன் என்று கீழே வரும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதுவது எப்போதும் எழுதித் தரும் உன் மேல்வீட்டு அண்ணிதான். அவள் புருஷன் நெட்டையன் இரும்பு நசுக்கும் பிரஸ்ஸுக்குள் செத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அவளா எழுதுகிறாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் காலையில் அவளே காகிதமும் பேனாவும் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து, சொல்லுங்க பெரியப்பா, அவளுக்கும் தெரியட்டும், ஒண்ணு விடாம சொல்லுங்க என்றாள். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் பாதியை முழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், தாள் பின்னால் தபாலில் வரும். பின்பக்கக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டார்கள், முட்டிக்கு நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது, வீட்டுச் செய்தி அவ்வளவுதான். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வரைந்த படம் தப்பு, அதனால்தான் ஆள் செத்தான் என்று கூடத்து முதலாளி உனக்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறாரே, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன், இனிமேல் ஒரு கோடுகூட வரையமாட்டேன் என்று போனில் சொன்னாயே, போடாதே. உன் படத்தில் தப்பு இல்லை.

இந்தப் பழைய இரும்புக் கூடத்தை நீ சின்ன வயதிலேயே பார்த்தவள். ஒரு முழுக் கார் பிரஸ் பெட்டிக்குள் போனால் மூன்று பக்கமும் மூடி டிரங்குப் பெட்டி அளவுக் கட்டியாக வெளியே தள்ளும். சிக்கிக்கொண்டதை இழுத்துவிட ஆள் உள்ளே இறங்க வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் சுருட்டைமுடிக்காரன் ஒருத்தனுக்கு முழங்கைக்குக் கீழே போயிற்று, கை உள்ளே இருக்க ஆள் மட்டும் எழுந்து நாலு எட்டு நடந்தான், ஐந்தாவது எட்டில்தான் கத்தினான். இரண்டு வருஷம் கழித்து வெல்டரின் கால், அதன்பிறகு ஒரே கோடையில் இரண்டு பேர், பிறகு என் மூன்று விரல். என் விரல்களை ஒரு கட்டிக்குள் வைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், எந்த ஊரில் எந்த வண்டிக்குக் கதவாகித் தொங்குகின்றனவோ தெரியாது. ஒவ்வொரு முறையும் இரத்தம் காய்வதற்குள் அடிதடி நடக்கும். உள்ளே ஆளிருக்கான்னு கேட்டேன் என்று ஒருத்தன் சொல்வான், நீ கேக்கவே இல்லடா என்று இன்னொருத்தன் கம்பியை எடுப்பான். அந்த இரைச்சலில் கேட்டதும் உண்மை, கேட்காததும் உண்மை.

என் விரலுக்காகத்தான் நீ லீவில் வந்தபோது அந்தப் படத்தை வரைந்தாய். ஆபீஸ் ஆபீஸாகப் போய் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எந்தக் காகிதம் எந்த மேஜையில் மாட்டிக்கொள்கிறது என்று வட்டமும் கோடுமாக வரைவதற்கு உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டபோது நான் சிரித்தேன். நீ அடுப்படித் தரையில் சாக்கட்டியால் வரைந்து, உன் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பொத்தான்களை எடுத்து வைத்தாய். வட்டம் என்றால் காத்திருக்கிற இடம், குறுக்குக் கோடு என்றால் காரியம் நடக்கிற இடம், பொத்தான் என்றால் ஆளோ சாமானோ. ஒரு கோட்டுக்கு வழிவிடுகிற எல்லா வட்டத்திலும் பொத்தான் இருந்தால்தான் அந்தக் காரியம் நடக்கும், ஒன்று குறைந்தாலும் நடக்காது, நடந்துவிட்டால் பொத்தான் அடுத்த வட்டத்துக்குப் போய் உட்காரும். கிரேன்காரன் ஒரு பொத்தான், பிரஸ்காரன் ஒன்று, பிரஸ்ஸை ஓட்டும் சாவி அந்த நீலப் பொத்தான். எழுத்தே இல்லாத அந்தப் படத்தை நான் முழுக்கப் படித்தேன், என் ஆயுளில் நான் படித்தது அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் பலகை வந்தது. ஐந்து ஆணி, ஐந்து பித்தளை வில்லை. உள்ளே இறங்குகிறவன் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், ஏறி வந்ததும் மாட்ட வேண்டும். ஐந்தும் தொங்கினால் கனத்தில் பலகை இறங்கிச் சாவியை விடும், நாலு தொங்கினால் எமனே வந்து இழுத்தாலும் சாவி வராது. அப்பா, அஞ்சு அஞ்சாவே இருக்கற வரைக்கும்தான் இந்தப் படம் உண்மை, ஆறாவதா ஒண்ணு எங்கிருந்தாவது வந்துச்சுன்னா மொத்தமும் பொய்யாப் போயிரும் என்றாய். உன் கையில் அப்போது சாக்கட்டிப் பொடி, இடது காதில் மட்டும் தோடு. எனக்கு எதுவும் மறக்காது. மூன்று வருஷம் அந்தத் தரையில் சொட்டு இரத்தம் இல்லை. மூன்று விரல் போனவன் காவல் இருந்தால் ஒழுங்காக இருப்பான் என்று பலகையோரம் என்னை உட்கார வைத்தார்கள்.

போன வருஷம் லோடு ஏற்றுகிறவன் ஒருத்தன் வில்லையோடு வீட்டுக்குப் போய்விட்டான், அவன் பெண்சாதி துவைக்கும்போது அது சாக்கடையில் விழுந்துவிட்டது. ஒன்றரை நாள் பிரஸ் நின்றது. மேஸ்திரி எல்லாருக்கும் முன்னால், பொண்ணு வரைஞ்ச படத்தை மடியில போட்டுத் தாலாட்டுய்யா, நாங்க சோத்துக்குத் தாளம் போடறோம் என்றான். எனக்கு மானம் போயிற்று. லேத்துக்காரரிடம் சொல்லி அதே கனத்தில் இன்னொன்று கடைந்து வாங்கினேன். மறுநாளே பழையது சாக்கடையில் கிடைத்துவிட்டது. புதியதை அன்றே தூக்கி உலையில் போட்டிருக்க வேண்டும், மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு எவனாவது வில்லையோடு டீக்குப் போய்விட்டால் என்னுடையதை மாட்டி வேலையை ஓடவிட்டேன். பதினோரு முறை. எவன், எந்தக் கிழமை, என்ன சட்டை என்று இப்போதும் சொல்வேன். கேட்டைத் தாண்டினவன் யார், உள்ளே இருப்பவன் யார் என்று என் கண்ணுக்குத் தெரியாதா, இதற்குப் பலகை எதற்கு என்ற திமிர். மேஸ்திரிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டான்.

பன்னிரண்டாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன். கட்டில் ஸ்பிரிங் ஒன்று பெட்டிக்குள் சிக்கிக்கொண்டது. நெட்டையன் வில்லையைப் பையில் போட்டு இறங்கி, அதை அறுத்து எடுத்துவிட்டு ஏறி வந்தான், மாட்ட மறந்து, தோளில் துண்டோடு கேட்டைத் தாண்டிப் போனான். என் கண்ணால் பார்த்தேன். வெளியே மூன்று லாரி. என்னய்யா கொலு வச்சிருக்க, மாட்டித் தொலை என்று மேஸ்திரி கத்தினான். மாட்டினேன். பலகை இறங்கியது, பிரஸ்காரன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். நெட்டையன் தன் மூக்குக்கண்ணாடியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டது ஞாபகம் வந்து, கிரேனுக்குப் பின்னால் இடிந்த சுவர் வழியே திரும்பி வந்திருக்கிறான். வில்லை தன் பையில் இருக்கிறது, பிரஸ் ஓடாது என்று நம்பித்தான் இறங்கியிருக்கிறான், அம்மாடி. அவன் உன் படத்தை நம்பினான், நான் என் கண்ணை நம்பினேன். முதல் பக்கம் மூடும்போது ஒரு சத்தம் வந்தது, இரண்டாவது பக்கம் மூடும்போது அது நின்றுவிட்டது. மேலேயிருந்து பார்த்துவிட்ட கிரேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, எல்லாம் முடிந்த பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு நடந்ததுதான் என் தூக்கத்தைத் தின்கிறது. பிரஸ்காரனைக் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். மண்டையில அடிக்காதீங்கடா, பதில் சொல்ல வாய் வேணும் என்றான் ஒருத்தன், ஆகவே மற்ற எல்லா இடத்திலும் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பலகைதாண்ணே சாவி குடுத்துச்சு, அஞ்சும் தொங்குது பாருங்கண்ணே என்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான், நான் வாயைத் திறக்கவில்லை. நெட்டையனின் தம்பி திருப்புளியை எடுத்து அவன் கண்ணில் குத்தினான். அந்தக் கண் போய்விட்டது. தம்பியைப் போலீஸில் இரண்டு நாள் பிடித்து வைத்து விட்டுவிட்டார்கள். மறுநாள் மேஸ்திரி என்னை எடைமேடைச் சுவரில் கழுத்தோடு அழுத்தி, கிழவா, உனக்கும் எனக்கும் ஒரே கயிறு, உன் பொண்ணு எங்கியோ இருக்கா, பழி அவ மேல போனா என்ன மயிராச்சு, நீ வாயைத் திறந்தா நெட்டையன் தம்பி உன்னைக் கட்டியாக்கி லாரியில ஏத்திடுவான் என்றான். ரெண்டு பல்லு ஆடுது, அதையும் எடுத்துட்டு விடுப்பா என்றேன், எடுத்துவிட்டான். இருபது நாள் சும்மா இருந்தேன். நீ போனில் அழுத அன்றும் சும்மாதான் இருந்தேன். 

முந்தாநாள் அவள் கீழே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தை என் முன்னால் பிரித்தாள். பெல்ட்டின் கொக்கி, கண்ணாடியின் ஒரு காது, இரண்டாக மடிந்த ஒரு பித்தளை வில்லை. அன்னிக்குப் பலகையில அஞ்சும் தொங்குச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்ப இது எத்தனையாவது பெரியப்பா என்றாள். பார்க்காத படத்தை அவளும் படித்துவிட்டாள். சொல்லிவிட்டேன். தண்ணீர்ச் செம்பு என் கண்ணில் வந்து விழுந்தது, அதையே பொறுக்கி எடுத்து மறுபடி அடித்தாள், மூன்றாவது அடிக்கு நான் முகத்தைக் காட்டினேன், அவள் செம்பைத் தரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். இன்று காலைதான் காகிதத்தோடு வந்தாள்.

வருகிற வியாழக்கிழமை நெட்டையன் செத்ததைப் பற்றி அதிகாரிகள் விசாரணை. அம்மாவின் பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறேன், அவர்கள் தரையிலேயே வட்டம் போட்டு ஐந்தை வைத்துக் காட்டுவேன், பிறகு என் மடியிலிருந்து ஆறாவதை வைப்பேன். பிரஸ்காரன் ஒற்றைக் கண்ணோடு வருவான். நெட்டையனின் தம்பியும் வருவான், வெறுங்கையோடு வரமாட்டான். மடிந்த வில்லையோடு அண்ணி முன்வரிசையில் உட்காருகிறேன் என்றிருக்கிறாள். அவன் எந்திரிச்சா நான் தடுப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியாது பெரியப்பா என்கிறாள். நியாயம்தான். நீ கிளம்பி வராதே, குழந்தையை விட்டு எங்கும் போகாதே. வேலையை விடாதே. வேளைக்குச் சாப்பிடு. தைலம் அனுப்ப வேண்டாம், வியாழன் கழியட்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வை. உன் படத்தில் எல்லாரும் வட்டத்துக்குள் இருந்தார்கள், பலகையைக் காக்கிற கிழவன் மட்டும் வெளியே இருந்தான், அப்பாதானே என்று விட்டுவிட்டாய். இனி எங்கே வரைந்தாலும் காவலுக்கு உட்காருகிறவனையும் உள்ளே போட்டு வரை, அவன் யார் பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. நீயும் உன் பிள்ளையும் முழுக் கையும் முழுக் கண்ணுமாக நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா, இடது பெருவிரல் ரேகை.

சொன்னதை எழுதியிருக்கிறேன் தங்கச்சி. நானாக ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் எடுக்கவும் இல்லை. அண்ணி.