ஏழாம் பக்கத்தில் வெட்டிய இரண்டு

நேற்று உன் தங்கச்சி பல்லேபொலவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். “அக்கா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க” என்று ஒரு பழைய ஃபைலை நீட்டினாள். திறந்ததும் கராம்பு வாசனை. காகிதத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க நாலு கராம்பைப் போட்டு வைப்பது உங்கள் வீட்டுப் பழக்கம். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஒரு வாரமாகிறது.

உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோதுகூட எனக்குப் பொறாமைதான் வந்தது. எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று கணக்குப் போட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் பட்டம் வாங்கி ஊர் திரும்பிய வருடம், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய ஒரே ஓர் இடம் வந்தது. ஆளுக்குப் பத்துப் பக்கம் கட்டுரை அனுப்ப வேண்டும். இருவரும் எடுத்தது ஒரே விஷயம்: வழியில் சிதைந்துபோகும் செய்தியைப் பெறுபவரே திருத்திக்கொள்ளும்படி, கூடவே சில எண்களைச் சேர்த்து அனுப்பும் முறை. அதுவும் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே உள்ள வளையத்தில். அங்கே மூன்றுக்கு அடுத்தது மறுபடியும் பூச்சியம். உங்கள் வாசலில் மிளகு காய, பக்கத்தில் பாய் போட்டு எழுதினோம். நான் நாள் முழுக்க முட்டிக்கொண்ட இடத்தை நீ தேத்தண்ணி ஆறுவதற்குள் தாண்டிவிடுவாய். எனக்கு வயிறு எரியும்.

தபாலில் போடுவதற்கு முதல் நாள், என் ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தாய்.

“ஏண்டி, சமனுக்கு ரெண்டு பக்கமும் இருக்குன்னு ரெண்ட வெட்டிட்டியே? இங்க வெட்ட முடியாதுடி. ஒன்ன ரெண்டால பெருக்கினா ரெண்டு. மூன பெருக்கினா ஆறு, அதுவும் இங்க ரெண்டுதான். அப்போ ஒன்னும் மூனும் சமமாயிருமா?”

பள்ளிக்கூடத்திலிருந்து கைக்குப் பழகிப்போன வெட்டு. நீ சொன்னது சரி என்று அந்த நொடியே தெரிந்தது. வாயில் வந்ததோ வேறு.

“என்னைய நிப்பாட்டப் பாக்குறியா? ஒனக்கு மட்டுந்தான் கணக்கு வருமா?”

“நாளைக்குப் போஸ்ட் பண்ணிராத. நான் வர்றேன்” என்றாய்.

விடிந்ததும் முதல் வேலையாக, வெட்டிய இரண்டோடு அப்படியே தபாலில் போட்டேன். அன்று பாதையில் சோதனை. பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, நீ மாத்தளையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. நீ கதவைத் தட்ட, எனக்குத் தலைவலி என்று அம்மாவை விட்டுச் சொல்லவைத்தேன். இடம் உனக்குக் கிடைத்தது. என்னைக் குழப்பிவிட்டு முந்திக்கொண்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ போட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. நீ திரும்பி வந்த பிறகும் பேசவில்லை.

ஃபைலில் இருப்பது என் கட்டுரை. முழுவதும் உன் கையெழுத்தில் புதிதாக எழுதியது, மேலே என் பெயர், கீழே நான் தபாலில் போட்ட நாளின் தேதி. ஏழாம் பக்கத்தில், இரண்டை வெட்டாமலே போகும் வழி ஒன்று. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்று எங்கள் வாசலில் நின்றிருக்கிறாய். இது போயிருந்தால் இடம் எனக்குத்தான். உன்னுடையதைவிட இது நன்றாக இருக்கிறது. அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

காலையிலிருந்து பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும், உன்னை மன்னித்துவிடலாம் என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பத்துப் பக்கத்திலும் ஒன்றுமில்லை. கராம்பை எடுக்காமல் மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.