ஒரு வாளி உறை

உன்னைக் கொன்றது ஃபினாயில். ஊற்றச் சொன்னது அதிகாரி. ஊற்றியது நான்.

இன்று காலை அலுவலக வராந்தாவைத் துடைத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் சிரிப்புதான் முதலில் வந்தது. நாகர்கோவிலிலிருந்து வேலை தேடி வந்து, ஊழியர் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் நீ. இந்த மலையாள ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் மகனான நான் அங்கே லேப் உதவியாளன். ஒருநாள் தொட்டியின் பழுப்புக் கலங்கலில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து உன்னைக் கூப்பிட்டேன். காம்பு முனையில் மணிமணியாக ஆடி அழுக்கைத் தின்னும் உயிர்களை வெகுநேரம் பார்த்தாய்.

"மக்கா, இவனுவ லீவே போடமாட்டானுவளா?"

"போட்டா காலனியே நாறும்லே."

அதன்பின், தொட்டிக்குக் காற்றூட்டும் சக்கரம் நின்றால் சோற்றை விட்டுவிட்டு ஓடுவாய். காலையில் கண்ணாடிக் குடுவையில் தொட்டிநீரை மொண்டு வைப்பாய். வண்டல் படிந்து மேலே தெளிந்தால், "பயலுவ சுகம்" என்பாய்.

மந்திரி வருவதற்கு முதல்நாள் அதிகாரி ஃபினாயில் டின்களோடு வந்தார். "நாற்றம் ஒந்நும் பாடில்ல, கேட்டோ." துளி நாற்றமும் இருக்கக் கூடாதாம்.

நீ குறுக்கே நின்றாய். "சாரே, அதுங்க செத்துரும்."

அவர் என்னைப் பார்த்தார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. ஊற்றினேன்.

மந்திரி முகம் சுளிக்காமல் போனார். மூன்றாம் நாள் தொட்டி கறுத்து நாறியது. திட்டு விழுந்தது உனக்கு. நீ கறுத்த குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்:

"பாலுக்கு உறை ஊத்துத மாதிரிதான் மக்கா. ஒரு வாளி உயிருள்ள வண்டல் கெடச்சா பொழச்சுக்கிடும்."

வாளியோடு பின்பக்கத்துப் பழைய மலக்குழிக்குப் போனாய். நான் கயிறு எடுத்து வருவதற்குள் மூடியைத் திறந்து இறங்கியிருந்தாய். உள்ளே விஷவாயு. உன்னை வெளியே எடுத்தபோதும் வாளியைப் பிடித்திருந்தாய். அனுமதியில்லாமல் இறங்கினான் என்று கோப்பில் எழுதினார்கள்.

தொட்டி பிறகு மெல்லத் தேறிவிட்டது. உன் குடுவை என்னிடம் இருக்கிறது. தினமும் மொண்டு வைக்கிறேன். தெளிந்தால் நீ சொன்னதையே சொல்கிறேன், கேட்க ஆளில்லாவிட்டாலும்.

நாளை யாரோ பெரியவர் வருகிறாராம். மதியம் புது அதிகாரி டின்னோடு வந்தார். நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன், நீ நின்ற இடத்தில். அன்று கேட்காததைக் கேட்டேன். அவர் டின்னின் மூடியைத் திருகினார். மறுபடி கேட்டேன்.

"இதை ஊத்தணும்னு எழுதித் தரணும் சாரே. கையெழுத்துப் போட்டு."