நாலு சில்லுக்கும் ஒரே அளவு

நாலாம் வாய்க்கால் குடியேற்றம்,
இரணைமடு, கிளிநொச்சி.
8.10.1962

அன்புள்ள யஹ்யாவுக்கு,

யோகலிங்கம் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்தெறியாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் அதற்கே நன்றி. உன் தமையன் சரீபைக் கிளிநொச்சிச் சந்தையில் கண்டு விலாசம் வாங்கினேன். புத்தளத்தில் உன் மாமாவின் வாகனம் திருத்தும் கராச்சில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாய் என்று சொன்னார். சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பவும் தகப்பனாகப் போகிறேன். கமலாசனிக்கு ஏழாம் மாதம் முடிகிறது. மார்கழி பிறப்பதற்கு முன் பிள்ளை கிடைக்கும் என்று மருத்துவிச்சி இரஞ்சிதம் அக்கா சொல்கிறா. போன முறை நடந்ததற்குப் பிறகு, வீட்டில் பெற விடவே கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டொக்ரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்கூட்டியே போய்த் தங்கக் கிளிநொச்சியில் எங்களுக்கு ஆளில்லை. மாரியில் எங்கள் பாதை எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். கிரவல் றோட்டில் ஏற மூன்று மைல் களி. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல். மாட்டு வண்டி முதல் மைலிலேயே அச்சு வரை இறங்கிவிடும். எங்கள் குடியேற்றச் சங்கத்தின் பழைய பட்டாளத்து ஜீப்தான் ஒரே வழி.

போன மாரியில் நடந்ததைச் சரீப் உனக்கு எழுதியிருப்பார். ஆனாலும் ஜீப்பை ஓட்டியவன் நான், நான்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன், ஜீப்புக்கு ரயர் மாற்றுவது பற்றிச் சங்கம் கூடிய கூட்டம் உனக்கு மறந்திருக்காது. தலைவர் வீரகத்தியார் எழும்பி, “ரக்ரருக்குப் பின்சில்லு பெரிசு, முன்சில்லு சின்னன். அது சேத்திலை போகுதோ இல்லையோ? அப்ப ஜீப்புக்கும் பின்னுக்குப் பெரிசாப் பூட்டுவம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ரக்ரர் வயல் உழுவதைக் கண்ட கமக்காரனுக்கு அது சரியாகத்தான் படும். ஜீப்பின் சில்லுக்குக் காற்றடிக்க வந்திருந்த நீ ஒருவன்தான், ரக்ரர் பின்சில்லால் மட்டும் இழுக்கிறது, ஜீப் சேற்றில் நாலு சில்லாலும் இழுக்கிறது, அதனால் நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றாய். அதற்கு அவர், “காத்தடிக்க வந்தனி காத்தடிச்சுப்போட்டுப் போ. இது எங்கட சங்கம்” என்றார். சிலர் சிரித்தார்கள். நீ எழும்பிப் போனாய், பிறகு கிளிநொச்சியையே விட்டுப் போனாய். அன்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஏழரை அங்குல ரயர் இரண்டையும் பின்னுக்குப் பூட்டியவனும் நான்தான்.

கமலாசனியை ஏற்றிப் போன அன்று ஜீப் சேற்றை நன்றாகவே தாண்டியது. அவள் பின்னால் படுத்திருந்தாள். முன் ஆசனத்தில் வீரகத்தியார். கிளிநொச்சி அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு ஏதோ வேலை. கிரவல் றோட்டில் ஏறியதும், “பாத்தீரே?” என்று என் தோளில் தட்டினார். நாலு சில்லு இழுவையை விடுவிக்க நான் ஆசனத்துக்குப் பக்கத்துக் கம்பியை இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கால் மைல் போக, அடியில் வெடி வைத்தது போல ஒரு சத்தம். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற நடுப்பெட்டியின் பல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் ஓரடியும் நகரவில்லை.

பிள்ளை றோட்டோரத்தில் பிறந்தது. ஆண். அழவில்லை.

இப்போது நடுப்பெட்டியைத் திருத்தியாயிற்று. ரயர் மாற்ற வேண்டும். நாலு சில்லுக்கும் ஏழரையாகவே போடுவோம், பெரிதென்றால் பெரிதுதானே என்கிறார் வீரகத்தியார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. பழைய ஆறங்குலமா, ஏழா, ஏழரையா? ஒரு தபாலட்டையில் ஒரு இலக்கத்தை மட்டும் எழுதினாலும் போதும்.

தபால்காரன் வரும் பக்கம் பார்த்தபடி,
யோகலிங்கம்


நாலாம் வாய்க்கால்,
17.12.1962

அன்புள்ள யஹ்யாவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். மூன்று பேராக வந்தோம். பெண் பிள்ளை. ஆறே கால் றாத்தல். தாயும் சுகம், பிள்ளையும் சுகம். அவளுடைய சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைக்கிறது. இதை முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். கமலாசனியின் தகப்பனுக்குக்கூட இன்னும் எழுதவில்லை.

ஒரு இலக்கம் கேட்டேன். நீ நாலு பக்கம், படமும் கீறி அனுப்பினாய். எட்டாம் நாளே வந்து சேர்ந்தது. அந்தக் கடிதத்தை மழையில் நனையாமல் பிஸ்கற் ரின்னில் போட்டுத்தான் கொண்டு திரிந்தேன். நீ சொன்னதில் எதை எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

ரயரை அளக்க முதல் பாதையை அள என்று எழுதியிருந்தாய். முதல் மழை ஊறிய மறுநாள் மூன்றடி இரும்புக் கம்பியோடு மூன்று மைலும் நடந்தேன். இருபது அடிக்கு ஒரு குத்து. பார்த்தவர்கள் நான் புதையல் தேடுகிறேன் என்று பகிடி பண்ணினார்கள். நீ சொன்னது சரி. ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இறங்கியதும் கம்பி “டக்” என்று கல்லுத் தரையில் முட்டுகிறது. பத்து வருஷமாக அந்தச் சேற்றில் விழுந்து எழும்புகிறோம், அடியில் தரை இருப்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மதகுக்குப் பக்கத்தில் நாற்பது யார் தூரத்துக்கு மட்டும் கம்பி முழுவதும் இறங்கிப் போனது.

பிறகு கூட்டம். இந்த முறை நான் எழும்பினேன். நீ சொன்னபடி சங்கக் கட்டடத்தின் சீமெந்து நிலத்தில் பழைய ஆறங்குலச் சில்லையும் ஏழரைச் சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வெண்கட்டியால் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தரம் உருட்டிக் காட்டினேன். சின்னது ஏழடி ஐந்தங்குலம். பெரியது எட்டடி நாலங்குலம். ஒரு உருளலுக்குப் பதினொரு அங்குல வித்தியாசம், ஒரு மைலுக்கு எழுநூறு உருளல். சேற்றில் சில்லு வழுக்குவதால் அந்த இழுபறி தெரியாது, கிரவல் றோட்டில் வழுக்க இடமில்லை, அதனால்தான் பல் உடைந்தது என்றேன். போன வருஷம் யார் என்ன இழந்தார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வீரகத்தியார் விடவில்லை. “அதுதானே நானும் சொல்லுறன், நாலும் ஏழரையாப் போடுவம். அகலம் கூடினால் புதையாது” என்றார். ஒடுங்கிய ரயர்தான் கத்தி போல வெட்டி இறங்கி அடித்தரையைப் பிடிக்கும், அகல ரயர் களியின் மேல் வழுக்கும், ஏழரை முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலுக்கு நல்லது, அதோடு திருப்பும்போது இந்த ஜீப்பின் வில்லுத் தகட்டில் உரஞ்சும் என்று உன் கடிதத்தை அப்படியே வாசித்தேன். “ஆர் எழுதினது?” என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். “ஓ, அந்தக் காத்தடிக்கிறவரோ” என்றார்.

அப்போது கதவடியில் நின்ற இரஞ்சிதம் அக்கா வாய் திறந்தா. “தலைவர் ஐயா, நாத்து நடுறவள் காலிலை பலகை கட்டிக்கொண்டே வயலுக்கை இறங்கிறாள்? காலை ஊண்டி, அடியைப் பிடிச்செல்லோ நிக்கிறாள். நீங்கள் வயலுக்கை இறங்கி எத்தினை வருசம்?” பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது. பிறகு முழுக் கூட்டமும் சிரித்தது. நான் வாசித்த நாலு பக்கத்தில் விளங்காதது அந்த ஒரு கேள்வியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கைகளை உயர்த்தச் சொன்னார்கள். ஆறங்குலம் வென்றது.

வெளியே வரும்போது வீரகத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உமக்கு டிறைவர் வேலை வேணுமோ, வேண்டாமோ?” என்று கேட்டார். எனக்குப் பிள்ளை வேணும் என்றேன். இன்றைக்கு வரை வேலை போகவில்லை. போனாலும் போகட்டும். ஒரு மனிதனின் கையில் ஜீப், அவன் கையிலேயே காணிப் பத்திரச் சிபாரிசு, அவன் கையிலேயே விதைநெல் என்றால் அதற்குப் பெயர் சங்கமா?

நீ தேடிப் பிடித்து அனுப்பிய நாலு ரயரும் ரயிலில் வந்து சேர்ந்தன. ஒரே கம்பனி, ஒரே வெட்டு, ஒரே அளவு தேய்வு. ஒவ்வொன்றிலும் சுற்றளவை எழுதித் துண்டு ஒட்டியிருந்தாய். நாலுக்கும் இடையில் கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் அதைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கிறவன்கூட இப்படிப் பொருத்தம் பார்ப்பதில்லை என்றார். எத்தனை கடை ஏறி இறங்கினாய் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும், புத்தளத்தில் அப்படி நாலு ஒரே இடத்தில் கிடைக்காது.

மதகடியைப் பற்றி, அடியே இல்லாத இடத்துக்கு உலகத்தில் ரயர் கிடையாது, தடி வெட்டிப் போடு என்று எழுதியிருந்தாய். போட்டோம். யார் போட்டார்கள் தெரியுமா? வாய்க்கால் வெட்ட மலைநாட்டிலிருந்து வந்து குடிசை கட்டியிருக்கிற கூலிச்சனங்கள். காணியும் இல்லை, சங்கத்தில் பங்கும் இல்லை, அவர்களுடைய பெண்களை ஜீப்பில் ஏற்ற இதுவரை அனுமதியும் இல்லை. பதினாலு பேர் இரண்டு நாள் காட்டில் தடி வெட்டி, குறுக்கே அடுக்கி, கொடியால் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு தேத்தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். பங்குக்காரர்களில் வந்தவர்கள் மூன்று பேர். இன்றைக்கு எல்லாப் பங்குக்காரரும் அந்தத் தடியின் மேல்தான் ஓடுகிறார்கள். போன கிழமை அவர்களில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். யாரையும் கேட்காமல் ஏற்றிப் போனேன். இனியும் கேட்க மாட்டேன்.

இனி அந்த நாள். டிசம்பர் ஐந்து, விடாமல் மூன்று நாள் மழை. காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை நோ தொடங்கியது. கமலாசனி ஜீப்பைப் பார்த்துவிட்டு ஏற மாட்டேன் என்று வாசலிலேயே இருந்துவிட்டாள். குறை சொல்ல என்னால் முடியவில்லை. நான் அவளுக்குச் சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. கயிறு கொண்டுவந்து அவள் முன்னாலேயே நாலு சில்லையும் சுற்றி அளந்து, நாலு முடிச்சும் ஒரே இடத்தில் விழுவதைக் காட்டினேன். முடிச்சைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஏறினாள், கூட இரஞ்சிதம் அக்காவும்.

களியில் சில்லு ஒரு சாண் இறங்கியது. இறங்கி, பிறகு நின்றது. அடி பிடித்தது ஸ்ரியறிங் வழியாக என் கைக்குத் தெரிந்தது. அவசரப்படாதே, முதல் கியரில் நடந்து போகிற வேகத்தில் போ என்று எழுதியிருந்தாயே, அப்படியே போனேன். மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை.

கிரவல் றோட்டில் ஏறியதும் இழுவை விடுவிக்கும் கம்பியைப் பிடித்தேன். இரண்டு விரலால் இழுத்தேன், வந்துவிட்டது. பின்னாலிருந்து கமலாசனி, “விட்டிட்டுதோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். திரும்பி அவளைப் பார்த்தேன். இரஞ்சிதம் அக்காதான் “றோட்டைப் பாத்து ஓட்டு, மோனை” என்று அதட்டினா. ஒன்றே கால் மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரியில், வெள்ளைத் துணி விரித்த கட்டிலில், என் மகள் அழுதாள்.

யஹ்யா, நன்றி என்று எழுதிப் பார்த்தேன். ரயருக்கு நன்றி சொன்னது போல இருந்தது, வெட்டிவிட்டேன். கமலாசனி, அவருக்கு என் பெயரிலும் ஒரு வரி எழுதுங்கோ என்றாள். என்ன எழுத என்று கேட்டேன். “பிள்ளையின்ர முகத்தைப் பாக்கிற நேரமெல்லாம் அவரை நினைக்கிறன் எண்டு எழுதுங்கோ” என்றாள். எழுதிவிட்டேன்.

உன் உம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல். அவருடைய முழங்கால் நோ குறைய வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. உன் நாலு பக்கத்தையும் பல தரம் வாசித்துவிட்டேன். களி, மணல், அங்குலம், காற்று எத்தனை றாத்தல் என்பது வரை இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று கூட்டத்தில் நான் வாய் திறந்திருந்தால் நீ இன்றைக்குக் கிளிநொச்சியிலேயே இருந்திருப்பாய். என் மகனும் இருந்திருப்பான். இது உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அங்குலத்தை மட்டும் எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வா என்று கூப்பிட ஆசை. ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுது. ரயரைப் பற்றி வேண்டாம். ஒரு பக்கமாவது என்னைத் திட்டி எழுது. தாங்குவேன்.

நீ எழுதுவாய் என்ற நம்பிக்கையோடு, நீ நெடுநாள் சுகமாக வாழ வேண்டும் என்று வேண்டும்,
யோகலிங்கம்